ஐயா வந்தபோது உலகம் செத்துப்போயிருந்தது

எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே பத்துப் பதினைந்து கிராமத்துக்கு உலகத்தைக் காட்டியவன் நான்தான். சீனாக்காரன் சண்டை, வெள்ளைக்காரன் பாம்பு, குதிரையில் வந்து சுடுகிறவன், எல்லாவற்றையும் இந்தச் சனம் முதலில் பார்த்தது என் கொட்டகைத் திரையில். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

பண்ணையாள் வீட்டில் பிறந்தவன் நான். அப்பா அம்மா இரண்டு பேரும் ஒரே மிராசுதாருடைய வயலில் காலம் தள்ளியவர்கள். எனக்குச் சேறு பிடிக்கவில்லை. டூரிங் டாக்கீஸ் எங்கள் ஊருக்கு வந்தபோது டிக்கெட் கிழிக்கிற வேலைக்குப் போனேன். அப்புறம் எஞ்சின் ஓட்டக் கற்றேன். அப்புறம் மிஷினில் படம் ஓட்டக் கற்றேன். ஒருவரும் சொல்லித்தரவில்லை, பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். பழைய முதலாளிக்குப் பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கிக்கொண்டு போய் உட்கார ஆசை வந்தது. என் பெண்டாட்டியின் தோட்டையும் ஒரு ஜோடி மாட்டையும் விற்று, மிச்சத்துக்கு அவர் கையைக் காலைப் பிடித்து, கொட்டகையை நானே எடுத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் பிறந்து டாக்கீஸ் முதலாளியானவன் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சினிமாக்காரர்கள் கோட்டையில் உட்கார்ந்து ஆண்ட காலம் அது. கொட்டகைக்கு ஊருக்குள் அப்படி ஒரு மரியாதை. ஆனால் கொட்டகை நின்ற திடல் என்னுடையதில்லை. பட்டா மிராசுதார் பெயரில் இருந்தது. எங்கள் பக்கம் சுற்றிச் சுற்றி நஞ்சைதான், பாதி வருஷம் தண்ணீர் நிற்கும். கூடாரம் போடுகிற மாதிரி மேட்டு நிலம் என்றால் அந்தத் திடல் ஒன்றுதான். லைசென்ஸ் புதுப்பிக்கும்போதெல்லாம் 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் தாலுக்கா ஆபீசில் பேப்பரைக் கையால் தொடுவார்கள். கையெழுத்து இல்லையென்றால் கொட்டகையைப் பிரிக்க வேண்டியதுதான்.

மணலில் தரை டிக்கெட், அதற்குப் பின்னால் பெஞ்சு, கடைசியில் நாற்காலி. நாற்காலிகளுக்கு நடுவில் மிராசுதாருக்கு ஒரு கைவைத்த நாற்காலி, அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. பழைய முதலாளி வைத்த வழக்கம் இன்னொன்றும் இருந்தது. மிராசுதார் ஐயா எப்போது வந்தாலும் படத்தை நிறுத்தி, ரீலைத் திருப்பி, முதலிலிருந்து போட வேண்டும். பாதிப் படம் பார்த்த சனம் மறுபடியும் பேர் போடுகிறதிலிருந்து பார்க்கும். ஒரு தடவை ஐயா வந்து திருப்பிப் போட்டோம். அரைமணி கழித்து அவர் மச்சினர் வந்தார், மறுபடியும் திருப்பிப் போட்டோம். அந்த ஒரே ஆட்டத்தில் கதாநாயகி மூன்று தடவை தாலி கட்டிக்கொண்டாள்.

நான் முதலாளியானால் இதை ஒழிப்பேன் என்று டிக்கெட் கிழிக்கிற நாளிலேயே சபதம் போட்டவன். ஆனால் முதலாளியான முதல் வருஷத்தில் நானும் இரண்டு தடவை திருப்பிப் போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா.

அந்த வருஷம் சம்பா அறுப்பு நேரத்தில் தகராறு வந்தது. அறுப்புக் கூலியில் கலத்துக்கு அரைப்படி நெல் கூடக் கேட்டது விவசாயத் தொழிலாளர் சங்கம். மிராசுதார்கள் முடியாது என்றார்கள். எங்கள் தெரு ஒரு ஆளும் அரிவாளைத் தொடவில்லை. வெளியூர் ஆளை இறக்கப் பார்த்தார்கள், சங்கம் வரப்பில் நின்று மறித்தது. ரோட்டில் போலீஸ் லாரி. கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. ஐயாவும் எங்கள் தெருவும் மூன்று வாரமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

என் லைசென்ஸ் முடிகிறதும் அந்த வாரத்தில்தானா வர வேண்டும்? பேப்பரை எடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்க வைத்தே பேசினார்.

"கொட்டகை யாருக்கு ஓட்டுற? ஒங்க தெருவுக்குத்தானே?"

"எல்லாருக்குந்தாங்கய்யா."

"வெள்ளிக்கிழமை படம் பாக்க வர்றேன். பேப்பரை அங்க வச்சிரு. பாத்துட்டுப் போடுறதா வேண்டாமான்னு சொல்றேன்."

அவர் பார்க்க வருவது படத்தை அல்ல, என்னை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வந்த பெட்டி ஒரு ஜப்பான் படம். ஜப்பான் என்றால் கராத்தே என்று நினைத்து, வண்டி கட்டி மூன்று ஊருக்கு 'ஜப்பான் சண்டைப் படம், மயிர்க்கூச்செறியும் சண்டை' என்று மைக்கில் கத்திவிட்டேன். பெயிண்டர் வேறு, தட்டியில் காலைத் தூக்கி உதைக்கிற ஆளை எழுதிவிட்டார். மத்தியானம் ஆபரேட்டர் இரண்டு ரீலை ஓட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து வந்தார்.

"அண்ணே, ஒருத்தனும் ஒருத்தனையும் அடிக்கலை. எல்லாரும் இருமுறானுவ."

"இருமிட்டு?"

"சாவுறானுவ."

படம் அதுதான். ஒரு கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைத்த கிருமி வெளியே வந்துவிடுகிறது. ஊர் ஊராக, நாடு நாடாகச் சனம் செத்து விழுகிறது. பனிக்கட்டி தேசத்தில் வேலைக்குப் போன கொஞ்சம் பேர் மட்டும் மிச்சம், ஏனென்றால் அந்தக் குளிரில் கிருமி தங்காது. ஜப்பான் படமானாலும் பேச்செல்லாம் இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் கொட்டகையில் வேற்றுப்பாஷைப் படம் போட்டால் மைக்கைப் பிடித்துக் கதை சொல்வது என் வழக்கம். முகத்தைப் பார்த்தால் போதும், ஒருத்தன் என்ன பேசுகிறான் என்று எனக்குத் தெரிந்துவிடும். இங்கிலீஷ் படித்த வாத்தியார் ஒருவர் நான் சொல்வதில் முக்கால்வாசி சரி என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆறே முக்காலுக்கு மணி அடித்தேன். கொட்டகை நிறைந்திருந்தது, வேலைநிறுத்தத்தில் சனத்துக்கு வேறு என்ன வேலை. எங்கள் தெரு மொத்தமும் மணலில். முன்னால் இருக்கிறவர் தலை மறைக்காமல் இருக்க ஆளாளுக்கு மணலைக் குவித்து மேடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சங்கத்துத் தலைவரும் மணலில்தான். நாற்காலிப் பக்கம் மிராசுதார்களின் சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். வாசலில் ஒரு போலீஸ்காரர், ஓசியில். நடு நாற்காலி காலி. காத்திருக்கவா என்று ஆபரேட்டர் மிஷின் அறை ஓட்டை வழியாகக் கேட்டார். போடு என்றேன்.

முதல் பத்து நிமிஷம் சண்டை எங்கே என்று சத்தம் போட்டார்கள். இருமல் ஆரம்பித்ததும் அடங்கிவிட்டார்கள். காலராவில் தெருவே காலியான கதையைக் கேட்டு வளர்ந்த சனம். ஆஸ்பத்திரி வாசலில் அடுக்கிப் போட்டிருந்த உடம்புகளைக் காட்டியபோது மணலிலிருந்து ஒருத்தர் கேட்டார்: "அண்ணே, இத்தனையும் யாரு தூக்கி அடக்கம் பண்றது?"

எங்கள் தெரு அந்த வருஷந்தான் சாவு வீட்டுக்குப் பறையடிப்பதையும் குழி வெட்டுவதையும் நிறுத்தியிருந்தது. கொட்டகை முழுக்க என் பதிலுக்குக் காத்திருந்தது. "தூக்குறவனும் செத்துட்டாம்ப்பா" என்றேன் மைக்கில். யாரும் சிரிக்கவில்லை.

நாலாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தபோது கார் வந்து நின்றது. ஐயா, பின்னால் அவருடைய காரியக்காரர். ரீல் முடிந்து விளக்குப் போட்டேன். எங்களுக்கு மிஷின் ஒன்றுதான், ரீலுக்கு ரீல் விளக்கு எரியும். ஐயா நடு நாற்காலியில் உட்கார்ந்து துண்டை மடியில் போட்டுக்கொண்டார். காரியக்காரர் என்னைப் பார்த்துக் கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். திருப்பிப் போடு என்று அர்த்தம்.

சங்கத்துத் தலைவர் எழுந்து நின்றார். "தோழர், முதல்லேருந்து போட்டீங்கன்னா நாங்க எந்திரிச்சுப் போயிடுவோம். இனிமே வரவும் மாட்டோம்."

"போறவங்க போகட்டும்" என்றார் காரியக்காரர். "கொட்டகை நிக்கிறது யாரு எடத்துலன்னு ஒனக்குத் தெரியும்ல?"

என் சட்டைப் பையில் பேப்பர் இருந்தது. திருப்பிப் போட்டால் என் சனம் போய்விடும். போடாவிட்டால் கொட்டகை போய்விடும். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது கீய்ங் என்று கத்தியது.

அப்போது மணலிலிருந்து நடவுக்காரம்மா ஒருத்தி எழுந்தாள். எனக்கு அத்தை முறை. முப்பது வருஷம் ஐயா வயலில் நாற்று நட்டவள். முழங்கால் மணலைத் தட்டிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்க வர்றதுக்குள்ள ஒலகமே செத்துப்போச்சுங்க. மறுபடி மொதல்லேருந்து போட்டா அத்தனை பேரும் இன்னொருதரம் சாவணும். பாவமில்லையா? நடந்ததை நான் சொல்றேன், உக்காந்து கேளுங்க."

கொட்டகை வெடித்தது. போலீஸ்காரர் தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். மிராசுதார் மச்சினர்கூடச் சிரித்ததை நான் பார்த்தேன். ஐயா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"யாரு மிச்சம்?"

"ஐஸ் தேசத்துல கொஞ்சம் பேருங்க. நாலு சாதி, நாலு தேசத்துக்காரங்க, எல்லாம் ஒரே ரூம்புல."

"சோத்துக்கு?"

"டப்பாவுல அடைச்சு வச்சிருக்காங்க."

"எத்தனை நாளைக்கு வரும்?"

"அதைத்தான் அவங்களும் பேசிக்கிட்டிருந்தாங்க. அதுக்குள்ள இவன் வெளக்கப் போட்டுட்டான்."

மறுபடியும் சிரிப்பு. ஐயா காரியக்காரரைப் பார்த்து உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். "சரி, மேல ஓட்டு."

ஆபரேட்டருக்கு என்னைவிட அவசரம். நான் தலையாட்டுவதற்குள் ஐந்தாவது ரீல் ஓடியது. எங்கள் திடலில் ஐயா வந்த பிறகும் படம் முன்னால் ஓடியது அதுதான் முதல் தடவை. யோசனை என்னுடையது என்றும் அத்தையிடம் கண்ணைக் காட்டியது நான்தான் என்றும் ரொம்ப காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணைக் காட்டவில்லை. ஆனால் ரீலைத் திருப்பாமல் நின்றேன், அது என் தைரியம்தான்.

ஐயா கடைசிவரை உட்கார்ந்திருந்தார். காலி நகரத்தில் ஒரு ஆள் தனியாக நடந்து போகிறான், போகிறான், போய்க்கொண்டே இருக்கிறான். அந்த இடத்தில் நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். படம் முடிந்ததும் ஐயா எழுந்து காரில் ஏறிப் போய்விட்டார். பேப்பர் என் பையிலேயே இருந்தது.

மறுநாள் காலையில் கொட்டகைக் கயிற்றைத் தளர்த்த ஆரம்பித்துவிட்டேன். என் பெண்டாட்டி திட்டினாள். "அவரு வேண்டாம்னு சொன்னாரா?" சொல்லவில்லை. "அப்ப எதுக்கு நீயே பிரிக்கிற?" மறுபடியும் இறுக்கினேன்.

மத்தியானம் காரியக்காரர் சைக்கிளில் வந்தார், இறங்காமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு.

"ஐயா கேக்குறாங்க, ஆட்டம் எத்தனை மணிக்கு?"

"ஆறே முக்காலுங்க."

"சரியா ஆறே முக்கால்தானா?"

"ஒரு நிமிஷம் முன்னப்பின்ன இருக்காதுங்க."

ஆறரைக்கு ஐயா வந்தார். அப்போதுதான் மணலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தோம், ஒரு ஆளும் உள்ளே வரவில்லை. தனியாகப் போய் உட்கார்ந்தார். அப்புறம் சனம் வர ஆரம்பித்தது. அவர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒவ்வொருத்தரும் வாசலில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அத்தை வந்தவள் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தன் மணலைக் குவித்தாள்.

முதல் ரீலில் ஜப்பான் கடைத்தெரு. சனக்கூட்டம், குடை, ரயில், பிள்ளைக்கு மூக்குச் சிந்திவிடுகிற அம்மா. முந்தின நாள் சண்டை எங்கே என்று கத்திய சனம் இன்றைக்கு மூச்சு விடாமல் பார்த்தது. இவர்கள் எல்லாரும் சாகப்போகிறவர்கள் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஐயாவுக்கும்.

நாலாவது ரீல் முடிந்து விளக்குப் போட்டதும் என்னைக் கூப்பிட்டார். "பேப்பரைக் கொண்டா." நாற்காலிக் கைமேல் வைத்து, கண்ணாடியைப் போட்டு, ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "நேத்து நான் வர்றப்ப எல்லாம் பொணமாக் கிடந்தானுவ. உசிரோட இருந்ததை இன்னிக்குத்தான் பாக்குறேன்."

"ஆமாங்கய்யா" என்றேன்.

அறுப்புத் தகராறு அதற்கப்புறமும் எட்டு நாள் நடந்தது. தாசில்தார் கூப்பிட்டுப் பேசித்தான் முடிந்தது, கேட்ட அரைப்படியில் கால்படி கிடைத்தது. ஜப்பான் படத்தால்தான் முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். நான் மறுக்கிறதில்லை, ஆனால் அது இல்லை.

திங்கட்கிழமை பேப்பரைத் தாலுக்கா ஆபீசில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கிளார்க் கையெழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தகராறு நேரத்துல எப்படிய்யா வாங்குன?" என்று கேட்டார். படத்தை நிறுத்தாமல் ஓட்டினேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. உட்காருங்கள் என்று பெஞ்சைக் காட்டினார். அந்த ஆபீசில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான், நன்றாகச் சாய்ந்தே உட்கார்ந்தேன்.