ஹாஸிமின் கையில் இருந்தது

பாலஸ்தீனத்து நாப்லூஸில், பழைய நகரத்துக்கு இறங்கும் சாலையில் ஃபவாஸ் அச்சகம் வைத்திருந்தான். கல்யாண அழைப்பிதழ், தேர்தல் பேனர், கோழிக்கடை விலைப்பட்டியல், தியாகிகளின் சுவரொட்டி எல்லாம் ஒரே இயந்திரத்தில்தான் வரும். ஒருமுறை அவசரத்தில் மாப்பிள்ளையின் படத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டிய ரோஜாப்பூக்கள் தியாகிக்குப் போய்விட்டன. யாரும் குறை சொல்லவில்லை. ரொம்ப அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

தியாகி வேலையில் யோசிக்க நேரம் கிடைக்காது. காலையில் ஒருவன் சுடப்பட்டால் மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம். ஊர்வலம் கிளம்புவதற்குள் சுவரொட்டி சுவரில் இருக்க வேண்டும். அதனால் ஃபவாஸ் எல்லாவற்றையும் கணினியில் தயாராக வைத்திருந்தான். பின்னால் ஜெருசலேமின் தங்கக் குவிமாடம், மேலே கொடி, ஓரத்தில் கழுகு, நடுவில் துப்பாக்கி. செத்தவனின் முகம் மட்டும்தான் புதிதாக வர வேண்டும்.

அந்தத் துப்பாக்கியை எங்கிருந்து வெட்டி எடுத்தான் என்பது அவனுக்கே மறந்துவிட்டது. அதன் குழலில் மஞ்சள் நாடா ஒன்று சுற்றியிருக்கும். சுவரொட்டியில் பல் டாக்டருக்குப் படித்தவன் அதைப் பிடித்திருந்தான். ஆடு மேய்த்த கிழவர் பிடித்திருந்தார். நாப்லூஸிலேயே அதிகம் உழைத்த ஆயுதம் அதுதான். இதுவரை ஒரு தோட்டா கூட சுட்டதில்லை.

ஹாஸிம் ஃபவாஸின் சின்ன வயதுக் கூட்டாளி. ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவன். எல்லா இயக்கத்துக்காரர்களின் வீட்டு ஃபிரிட்ஜும் அவனுக்குத் தெரியும். எந்த இயக்கத்திலும் அவன் இல்லை. அவனுடைய ஒரே அரசியல் மின்சாரம்தான். அது ஏறி இறங்கி ஃபிரிட்ஜ்களைக் கெடுக்கிறது என்று திட்டுவான், கெட்டால்தானே தனக்குச் சோறு என்றும் அவனே சிரிப்பான். இஸ்ரேல் ராணுவ ஜீப்புகள் ஊருக்குள் வந்த ஒரு காலையில், ஒழுகிய தண்ணீர்த் தொட்டியைச் சரிசெய்ய ஸ்பானரோடு மொட்டைமாடிக்குப் போனான். அங்கேயே சுடப்பட்டு விழுந்தான். ஆயுதம் வைத்திருந்தவனைச் சுட்டோம் என்று ராணுவம் அறிக்கை விட்டது.

அடுத்த அரை மணி நேரத்தில் இரண்டு இயக்கங்கள் ஃபவாஸின் கடைக்கு வந்துவிட்டன. ஹாஸிம் எங்கள் ஆள் என்று இருவரும் சொன்னார்கள். உயிரோடு இருந்தபோது இதில் ஒருவர்கூட ஃபிரிட்ஜ் வேலைக்கு ஒழுங்காகக் கூலி கொடுத்ததில்லை. கடைசியில் குரல் பெரிதாக இருந்த முஹன்னத்தின் கூட்டம் ஜெயித்தது. ஹாஸிமுக்கு ஒரு போர்ப்பெயரும் வைத்தார்கள்: மலையின் சிங்கம். உயரம் என்றால் ஏணியில் ஏறக்கூட அவனுக்குக் கால் நடுங்கும்.

ஃபவாஸிடம் இருந்த நல்ல படம் ஒரு கல்யாணத்தில் அவனே எடுத்தது. அதில் ஹாஸிம் இரண்டு கையாலும் ஒரு பெரிய குனாஃபா தட்டைச் சுமந்துகொண்டு நின்றான். முஹன்னத் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"அண்ணே, கையில இனிப்புத் தட்டோட ஒட்டினா ஊரே சிரிக்கும். வழக்கமா போடுறதப் போட்டுடுங்க."

ஃபவாஸ் போட்டுவிட்டான். அந்தக் கை மடக்கியிருந்த விதத்துக்குத் துப்பாக்கி அப்படியே பொருந்தியது. வேலை சுலபமாக முடிந்ததில் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது என்பதுதான் பின்னால் அவனை அதிகம் குத்தியது.

சுவரொட்டி அன்று மாலையே எல்லை தாண்டிவிட்டது. ஹீப்ரு தொலைக்காட்சியில் ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் குச்சியால் துப்பாக்கியைத் தொட்டுத் தொட்டுக் காட்டி, அது எந்த நாட்டில் செய்தது, எவ்வளவு தூரம் சுடும் என்று விளக்கினார். மஞ்சள் நாடா ஒரு ரகசியப் பிரிவின் அடையாளம் என்றார். அரபுத் தொலைக்காட்சி அதே படத்தை முரசுச் சத்தத்தோடு பெரிதாக்கிக் காட்டியது. ஜென்மத்தில் சந்தித்திராத இந்த இரண்டு தொலைக்காட்சிக்காரர்களும் ஒரு விஷயத்தில் முழுக்க ஒத்துப்போனார்கள்: ஹாஸிம் பெரிய வீரன். வெளிநாட்டுத் தொலைக்காட்சி ஒன்றில் கோட்டு போட்ட இருவர், செத்தவர்களில் எத்தனை பேரைப் பொதுமக்கள் என்று கணக்கில் சேர்ப்பது என விவாதித்தார்கள். ஹாஸிமின் படம் அவர்கள் தலைக்கு மேலே தொங்கியது. ஒருவர் அவனைச் சேர்த்தார், மற்றவர் கழித்தார். நடுவில் விளம்பரம் வந்தது.

மறுநாள் ஹாஸிமின் அம்மா கடைக்கு வந்தாள். ஊர் அவளை உம்மு ஹாஸிம், அதாவது ஹாஸிமின் தாய் என்று கூப்பிடும். இனியும் அப்படித்தான் கூப்பிடும். உட்காரச் சொன்னான், அவள் உட்காரவில்லை.

"எம்புள்ள கையில ஒரு தட்டு இருந்துச்சே, அது எங்கடா?"

"பெரியம்மா, எல்லாருக்கும் அப்படித்தான் போடுறது. அவசரத்துல..."

"அந்தக் கல்யாணத்துல நானும் இருந்தேன். தட்ட நேராப் பிடிக்கத் தெரியாம சர்க்கரைப் பாகெல்லாம் புதுச் சட்டையில ஊத்திக்கிட்டான். ரெண்டு தரம் துவைச்சும் போகல. அவனாடா அவ்வளவு தூரம் குறி பார்த்துச் சுடுவான்?" இயந்திரத்தைக் கைகாட்டினாள். "சுட்டவன் உசிரத்தான் எடுத்தான். நீ எம்புள்ள ஆயுதம் வச்சிருந்தான்னு சுட்டவனுக்கே சாட்சி சொல்லிட்ட. எம்புள்ளைய எனக்குத் திருப்பிக் கொடு."

ஃபவாஸ் அன்று முழுக்க போனில் கிடந்தான். இஸ்ரேலின் நெதன்யாவில் கொத்து வேலை பார்த்த காலத்தில் ஹீப்ரு கற்றிருந்தான். அந்தத் தொலைக்காட்சிக்குப் பேசி, துப்பாக்கி என்னுடையது, நான் ஒட்டியது என்றான். எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு ஒரே குஷி. பாலஸ்தீனர்கள் படங்களைப் போலியாகச் செய்கிறார்கள் என்பதை நேரலையில் வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். ஆயுதமில்லாதவன் சுடப்பட்டான் என்பதையும் சேர்த்துச் சொல்வேன் என்றான். நிகழ்ச்சியில் நேரம் குறைவு, முதல் பாதி மட்டும் போதும் என்றாள்.

அரபுத் தொலைக்காட்சிக்காரர் அவனைச் சகோதரரே, சகோதரரே என்று அழைத்து, இப்படிப்பட்ட நேரத்தில் தியாகியின் கம்பீரத்தைக் குலைக்கலாமா என்று வருத்தப்பட்டார். வெளிநாட்டுக்காரர்கள்தான் ரொம்ப நாகரிகம். முழுதும் கேட்டுக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள். ஆனால் நடுநிலை வேண்டுமாம். துப்பாக்கி இல்லை என்று சொல்ல இவன் வந்தால், துப்பாக்கி உண்டு என்று சொல்ல இன்னொருவரைத் தேட வேண்டும், கிடைத்ததும் அழைக்கிறோம் என்றார்கள். "அதை ஒட்டினவனும் நான்தான், ரெண்டு பக்கமும் நானே பேசட்டுமா?" என்று கேட்டான். அவர்கள் சிரிக்கவில்லை.

மிச்சமிருந்தது சுவர்தான். அதிலும் ஒரு சிக்கல். நாப்லூஸில் தியாகியின் படத்தை யாரும் கிழிக்க மாட்டார்கள். வெயிலில் வெளுக்கலாம், மழையில் கரையலாம், கை படக் கூடாது. அதன் மேல் வேறு எதையும் ஒட்டவும் கூடாது, இன்னொரு தியாகியைத் தவிர. புதிதாகச் செத்தவன் பழையவனை மறைப்பான். ஊரில் அது ஒன்றுதான் தடங்கல் இல்லாமல் நடக்கும் வேலை.

ஃபவாஸுக்கு அதிலேயே வழி தோன்றியது. கழுகை எடுத்தான். குவிமாடத்தை எடுத்தான். துப்பாக்கியைக் கணினியிலிருந்தே அழித்தான். கல்யாணப் படத்தை அப்படியே போட்டு, கீழே 'தியாகி ஹாஸிம், ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவர்' என்று அச்சடித்தான். அவனும் உம்மு ஹாஸிமும் கோதுமைப் பசை வாளியோடு தெருத்தெருவாகப் போய், மலையின் சிங்கத்தின் மேல் ஹாஸிமை ஒட்டினார்கள். முஹன்னத் ஆட்களோடு ஓடிவந்தான்.

"என்னண்ணே பண்றீங்க? தியாகி மேல ஒட்டுறீங்க?"

"ஒட்டுறதும் தியாகிதான். வேணும்னா கிழிச்சுப் பாரு" என்றான் ஃபவாஸ்.

முஹன்னத் கையைத் தூக்கினான், தட்டோடு சிரிக்கும் ஹாஸிமைப் பார்த்தான், அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். உம்மு ஹாஸிம் படத்தின் மூலைகளை முக்காட்டு நுனியால் அழுத்தித் தேய்த்தாள். அன்றைக்கு ஊரில் ஜெயித்தது அவள்தான்.

அதற்குப் பிறகு மழை பெய்து சில இடங்களில் படம் உரிந்தது. அவள் இன்னும் கொஞ்சம் பிரதிகள் வாங்கக் கடைக்கு வந்த நேரம், அங்கே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதே கோட்டுக்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் இரண்டு சுவரொட்டிகளும் பக்கத்தில் பக்கத்தில். பாருங்கள், ஒரே ஆளைச் சிங்கம் என்று ஒரு தரமும் ஃபிரிட்ஜ்காரர் என்று ஒரு தரமும் கணக்கில் ஏற்றியிருக்கிறார்கள், இவர்களுடைய சாவுக் கணக்கே பொய் என்றார் ஒருவர். மற்றவர் விடவில்லை. பெயர் வேறு, கையில் இருப்பது வேறு, இருவரும் உறவினர்களாக இருக்கலாம், இரண்டு உயிர்களையும் மதியுங்கள் என்று மேசையைத் தட்டினார். நெறியாளர் நேயர்களிடம் வாக்கு கேட்டார்.

கீழே ஓடிய ஹீப்ரு எழுத்தை ஃபவாஸ் மொழிபெயர்த்துச் சொன்னான். உம்மு ஹாஸிம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரா இருந்திருந்தா, ஒருத்தனாவது மிச்சம் இருந்திருப்பானே" என்றாள்.

ஃபவாஸ் ஒலியை நிறுத்தினான். திரையில் கோட்டுக்காரர்கள் இருவரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப அடிக்கிறதுல கீழ ஒரு வரி சேத்துடு. உம்மு ஹாஸிமுக்கு ஒரே புள்ளன்னு."

அந்த வரியை வைத்தும் ஒரு மணி நேரம் பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய எழுத்தை எடுத்தான். அது பேனருக்கான எழுத்து. காகிதத்தில் இடம் போதவில்லை. ஃபவாஸ் படத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றினான், தட்டு வெட்டுப்படாமல்.