சாவ்தான் கண்ணு!

பூட்ஸ் பாலிஷ் வாசனையும், களத்தில் காயும் காப்பிப் பழத்தின் புளிச்ச வாசனையும் சேர்ந்து வந்தால்... எனக்கு இன்னும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

அப்போது மலைமேல் கொட்டச்சேட்டில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குக் காப்பி எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற வேலை. மகள் கோமதி சேலத்தில் காலேஜ் படித்தாள். அங்கே என்.சி.சி. ஏர் விங்கில் சேர்ந்திருந்தாள். விமானப்படையில் ஆபீசர் ஆக அதுதான் முதல் படி என்பாள்.

அடுத்த வாரம் முகாம். சின்ன விமானத்தில் ஏற்றுவார்களாம். அப்பா கையெழுத்துப் போட்ட பாரம் திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால், அவள் இடம் வேறொருத்திக்கு.

அவரும் சம்மதித்துத்தான் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்த நேரம்... களத்திலிருந்து ஒரு கத்தல்.

"சாவ்தான்!"

கோமதி பரேடு பழகுகிறாள். குதிகாலைச் சேர்த்து அடித்து, விறைப்பாக நின்று, மறுபடியும் "சாவ்தான்!"

அவர் பேனாவை மூடிவிட்டார்.

"ஏம்புள்ள, மேல பறக்கப் போறவ சாவுதான் சாவுதான்னு கத்தறா. நான் கையெழுத்து வேற போடோணுமா?"

எனக்கும் அப்படித்தான் கேட்டது. களத்துக்கு ஓடினேன்.

"வாயக் கழுவு சாமி! நல்ல காரியத்துக்குப் போறப்ப இதென்ன பேச்சு?"

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. காப்பிப் பழத்து மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, அது இந்திங்க. சாவு இல்லீங்க. கவனமா நில்லுன்னு அர்த்தம்."

பின்னாலேயே வந்த அவர் நம்பவில்லை. "அதச் சொல்ல அவிங்களுக்கு வேற வார்த்தையே கெடைக்கலியாக்கும்?"

"நீங்க ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் ஹாரன் அடிக்கறீங்கல்லப்பா? அதேதானுங்க இது."

மனுஷன் பேனாவை மறுபடி திறந்தார். "அப்ப நொம்ப நல்ல வார்த்தைதான்" என்று கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் அவர் வாயில் அதேதான்... ஜீப்பைக் கிளப்பினால் "சாவ்தான்!" ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் ஏறும் மகளுக்கு "சாவ்தான் கண்ணு!" ஒருநாள் அங்கிருந்த பூக்கார அம்மா சண்டைக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, பெத்த புள்ளய வழியனுப்பற லட்சணமாங்க இது?"

கோமதி டிகிரி முடித்தாள், தேர்வில் ஜெயித்தாள், ஆபீசர் ஆனாள். எனக்கு அதில் சந்தேகமே இருந்ததில்லை. இப்போது ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள். பறக்கப் போகும் முன்னால் அப்பாவுக்கு ஒரு போன் வரும். அவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.

போன மாசியில் அவர் போய்ச் சேர்ந்தார்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, அவருடைய போன் அடித்தது. நான் எடுத்தேன். கோமதிதான். சாவு விழுந்த வீட்டில் நின்றுகொண்டு அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது?

"அம்மா... நேரமாகுதுங்க."

அன்றைக்கு வாயைக் கழுவச் சொன்னவள் நான்தான். இன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர் மாதிரியே சத்தமாகச் சொன்னேன்.

"சாவ்தான் கண்ணு!"

அந்தப் பக்கம் குதிகால் சேர்கிற சத்தம் கேட்டது... களத்தில் கேட்ட அதே சத்தம்.