என் லைசென்ஸ் என்னிடம்தான் இருக்கிறது

இன்று ரூகன் தீவில், வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகளை ஒட்டிய சிறு வீதியில் தனியாகச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தேன். அலையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. இந்த அமைதிக்காகத்தான் ஹம்பேர்க்கிலிருந்து வந்திருந்தேன்.

பின்னால் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. எட்டிப் பார்த்தவர் ஹம்பேர்க் கோயிலில் அடிக்கடி காணும் அண்ணை.

“என்ன பிள்ளை, சைக்கிளிலை? கார் லைசென்ஸைப் பறிச்சுப்போட்டாங்களோ?”

“இல்லை அண்ணை, ஆசைக்கு ஓடுறன்” என்றேன்.

“ஓம் ஓம், விளங்குது. பயப்பிடாதை, நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

அடுத்த மேட்டை ஏறி முடிப்பதற்குள் அம்மா தொலைபேசியில் வந்துவிட்டார்.

“உண்மையைச் சொல்லு, குடிச்சுப்போட்டோ கார் ஓடினனீ?”

ஹம்பேர்க் மக்களே, ஆதாரத்துக்கு என் லைசென்ஸின் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன்.

சுண்ணாம்புப் பாறையைப் படமெடுக்க எங்கே விட்டீர்கள்?