வாசல் கொடியில் பச்சைப் பனியன்

திருச்சியில் எங்கள் தெரு முழுக்க ஒரு கல்லூரியின் கால்பந்து ரசிகர்கள். என் தம்பி ஆடுவதோ எதிர் அணியில். எட்டாவதோடு நின்ற எனக்கு ஆட்டம் புரியாது, பயம் மட்டும் உண்டு.

போட்டிக்கு முந்தின நாள், ஆட்டத்துக்கு அவன் போடும் ஒரே பச்சைப் பனியனைத் துவைத்தேன். வாசல் கொடியில் போட்டால் கிழித்துவிடுவார்களோ என்று அஞ்சி, விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போட்டேன். கயிறு அறுந்து பனியன் தீயில் விழுந்துவிட்டது. நான் அலறியதும் எதிர்வீட்டு அண்ணன் ஓடிவந்து தண்ணீர் ஊற்றினார். பனியனின் ஒரு கை கருகியிருந்தது.

"இதைக் கொளுத்துற வேலைய எங்களுக்கு விட்டு வச்சிருக்கக் கூடாதா தங்கச்சி?" என்று சிரித்தார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒட்டுப் போட்டு, வாசல் கொடியில் விரித்தேன். "கிழிக்கிறவங்க வாங்க, இங்கேயேதான் நிக்கிறேன்" என்றேன். யாரும் வரவில்லை.

மறுநாள் தம்பி அணி தோற்றது. ஜெயித்த சந்தோஷத்தில் தெருவே கைதட்ட, சேறு படிந்த பனியனைத் துவைத்து அங்கேயே போட்டேன். ஜெயித்தாலும் தோற்றாலும் இப்போது அது வாசலில்தான் காய்கிறது.