கதிரையில் கிடந்த முக்காடு

மாதா கோயில் பூசைக்குப் புறப்பட அலுமாரியைத் திறந்தேன். கற்பூர வாசத்தோடு அம்மாவின் வெள்ளை முக்காடு கையில் வந்தது.

வெள்ளைக்காரர் காலத்தில், நான் சிறுமியாக இருந்தபோது, ஓர் உயிர்த்த ஞாயிறு விடுமுறை. பள்ளிமுனையிலிருந்து கொழும்புக்கு, பிள்ளையில்லாத பெரியம்மா வீட்டுக்கு, ரயிலில் போனோம். இரண்டு நாள்தான் என்றார் அம்மா. ஆனாலும் என் சட்டைகள் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கியிருந்தார்.

ஞாயிறு காலை, "பூசைக்குப் போயிட்டு வாறன், பெரியம்மாவோட இரு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். முக்காடு கதிரையில் கிடந்தது. அது இல்லாமல் அம்மா கோயிற்படி ஏறமாட்டார். எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

பெரியம்மா கையைப் பிடித்தார். "கொம்மா ஸ்டேசனுக்குப் போயிட்டா. இனி நீ என்ர பிள்ளை."

அம்மா முக்காட்டை மறந்துபோகவில்லை. ஸ்டேசனுக்கு அது தேவையில்லை.

இன்றும் அதை மடித்து அலுமாரிக்குள்ளேயே வைத்துவிட்டு, வேறொன்றைத் தலையில் போட்டுக்கொண்டேன்.