டிக்கோயாவில் கல் வேகவைத்த நாட்கள்

மருமகள் குக்கரில் பருப்பு வைத்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். விசில் அடங்கியதும்தான் வெளியே வருவேன். வத்தளையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தினசரி வேடிக்கை. சிரிக்கட்டும். குக்கரைவிடச் சின்ன ஒரு இரும்புக் குழல் தேயிலை ஃபேக்டரியின் கூரைத் தகரத்தைப் பிய்த்து எறிந்ததைப் பார்த்தவள் நான். தமிழ் இலக்கணம் படிப்பித்தவளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். சிநேகிதம்தான்.

ஹட்டனில் பருப்பு லேசில் வேகாது. காலையில் வைத்த பருப்பு பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை விறைத்துக்கொண்டு நிற்கும். நானும் பிலோமினாவும் அப்போது டிக்கோயா போகும் ரோட்டோரம் ஒரு அறை எடுத்து, ஒரே அடுப்பில் பொங்கித் தின்றுகொண்டிருந்தோம். இருவருக்கும் ஒரே கிறிஸ்தவப் பள்ளியில் வேலை. அவள் விஞ்ஞானம். டிக்கோயாத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, கொழும்புக்குப் போய்ப் பட்டம் வாங்கி வந்தவள்.

"பருப்பு மேல கோவப்படாதடி. இந்த ஒசரத்துல காத்தோட அமுக்கம் கொறவு. அதனால தண்ணி நல்லா சூடேறுறதுக்கு முந்தியே கொதிச்சிருது" என்பாள்.

"அப்ப நல்லா அமுக்கினா?"

அதைக் கேட்டிருக்கவே கூடாது. பருப்பு தீயும் வரைக்கும் பேசினாள். தண்ணீரைத் தப்ப விடாமல் அடைத்துச் சூடேற்றிக்கொண்டே போனால் அது கல்லையே கரைக்குமாம். கரைந்த கல் சற்றே குளிர்ந்த இடத்தில் கண்ணாடி போன்ற பளிங்காக வளருமாம். மலைக்கு அடியில் நடப்பது அதுதானாம். பல்கலைக்கழகத்தில் புத்தகத்தில் மட்டும் பார்த்ததைத் தன் கையால் செய்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. மற்ற பெண்கள் புடவைக்கு ஆசைப்பட்ட வயது அது. நான் உட்பட.

ஹட்டனில் லேத் வைத்திருந்த பியதாச பாஸ், பழைய லொறி அச்சு ஒன்றைக் குடைந்து தடித்த குழல் செய்துகொடுத்தார். திருகுமூடி, அதற்குள் செம்பு வளையம். "மிஸ், இது துவக்கு இல்லத்தானே?" என்று துப்பாக்கியோ என்ற பயத்தில் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். உள்ளே பளிங்குத் துண்டுகள், தண்ணீர், கொஞ்சம் சலவைச் சோடா. மேலே கம்பியில் தொங்கவிட்ட மெல்லிய பளிங்குச் சில்லு ஒன்று. வளர வேண்டியது அதுதான்.

சூட்டுக்கு அவள் அண்ணன் அருளப்பன் இருந்தார். தோட்டத்து ஸ்டோரில், அதாவது ஃபேக்டரியில், கொழுந்து காயவைக்கும் அடுப்பைக் கவனிப்பவர். யூகலிப்டஸ் விறகுப் புகையும் காயும் தேயிலையின் மணமும் அவர் சட்டையைவிட்டுப் போனதே இல்லை. இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் வந்தால் அவர்தான் வருகிறார் என்று திரும்பிப் பார்க்கிறேன். தங்கை கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அடுப்பின் புகைப்போக்கியை ஒட்டி, மணல் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் குழலை வைத்தார்.

ஒரு சனிக்கிழமை லயத்தில் தோட்டம் அவருக்குக் கொடுத்திருந்த அறையில், காம்பராவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். பாறைக்கு வெடி வைத்தது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பெட்டி வாயைப் பிளந்து கிடக்கிறது. கூரைத் தகரம் ஒன்று கீழே தேயிலைச் செடிகளின் மேல் கிடக்கிறது. பக்கத்தில் யாரும் நிற்காதது தெய்வச் செயல். பிலோமினா அண்ணனைத்தான் பார்த்தாள். அண்ணனுக்கு வேலை போனால் காம்பராவும் போகும். அம்மாவும் பிள்ளைகளும் ரோட்டில்தான் நிற்க வேண்டும்.

தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரர், பெரிய தொரை, வந்தார். அவருடைய தமிழ் தனி ரகம்.

"யார் குண்டு வைச்சது?"

அருளப்பன் தலைப்பாகையை அவிழ்த்தார். "குண்டு இல்லைங்க தொரை. தங்கச்சி கல்லு வேகவைக்குதுங்க."

நான் சிரித்துவிடாமல் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். தொரை சிரிக்கவில்லை. பிலோமினா இங்கிலீஷில் எல்லாம் சொன்னாள். சூட்டில் தண்ணீர் விரியும், அதற்கு இடம் விடாமல் நிரப்பிவிட்டேன், தப்பு என்னுடையது, அண்ணனுடையது இல்லை என்றாள். அவர் கேட்டுக்கொண்டே சட்டைக் கையைச் சுருட்டினார். முழங்கை வரை வெந்து ஆறிய தழும்பு. யுத்தக் காலத்தில் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்தவராம்.

"ஆவி பொல்லாது. ஸ்டோர் உள்ளே வேண்டாம். மண் உள்ளே வை. ஆள் கிட்டே வேண்டாம்" என்றார். அருளப்பனிடம், "ஞாயிறு நீ கூரை போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் பிலோமினா அழுதாள்.

ஸ்டோருக்குப் பின்னால் ஆள் போகாத பள்ளத்தைப் பார்த்த மண்மேட்டைக் குடைந்து, அருளப்பன் ஒரு அடுப்புக் கட்டினார். விறகு தள்ளப் பக்கவாட்டில் ஒரு துவாரம். பாஸ் இன்னும் தடித்த குழல் ஒன்று செய்தார். இந்த முறை தண்ணீருக்குத் தாராளமாக இடம் விட்டோம். நெருப்பு அணையக் கூடாது. அதனால் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் ஆளுக்கொரு கட்டை தள்ளிவிட்டுப் போனார்கள். தள்ளச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கொழுந்துக்கூடையோடு போகும் முத்தம்மா தினமும் குரல் கொடுப்பாள்:

"கல்லு வெந்துருச்சா டீச்சர்?"

"இன்னும் ஒரு கொதி வரணும் முத்தம்மாக்கா!" என்பாள் பிலோமினா.

மழை மாதம் முழுக்க அந்த அடுப்பு எரிந்தது. ஆறவைத்துத் திறந்த அன்று, பாஸ் பெரிய ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டார். லயமே மேட்டைச் சுற்றி நின்றது. கம்பியில் தொங்கிய சில்லு தடித்திருந்தது. அதன் மேல் சவ்வரிசியைவிடச் சின்னதாக, பட்டை தீட்டியது போல ஆறு பக்கத்தோடு புதுப் பளிங்குகள். பிலோமினா சில்லைக் கம்பியிலிருந்து கழற்றினாள். முந்தானையால் துடைத்து முத்தம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். கொழுந்துக் கறை படிந்த அந்தக் கையில் அது வெளிச்சத் துளி மாதிரி இருந்தது.

"இம்புட்டு நாளு வெந்து இம்புட்டூண்டா?"

"மலைக்குள்ள இது வளர ஆயிரக்கணக்கான வருசம் ஆகும்க்கா."

"அப்ப நீ வெரசாத்தான் ஆக்கிருக்க" என்றாள் முத்தம்மா, மிகவும் யோசித்து. பிலோமினா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பளிங்கைப் பார்த்துவிட்டு அவளுடைய கொழும்புப் பேராசிரியர் இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் பிடித்துக் கொடுத்தார். பயணப் பெட்டிகூட வாங்கிவிட்டோம். பாஸ்போர்ட்தான் கிடைக்கவில்லை. அவள் அப்பா திருச்சிப் பக்கம் பிறந்து, கைக்குழந்தையாக டிக்கோயா வந்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த சட்டப்படி அவள் இந்த நாட்டுப் பிரஜை இல்லை. பதிவுக்குப் போட்ட மனுவும் தள்ளுபடி. எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை எப்படியோ கிடைத்திருந்தது. இருவரும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவர்கள்தான்.

கொழும்பில் பாஸ்போர்ட் கந்தோரிலிருந்து வெளியே வந்தவள், "நான் எந்த நாடுன்னு கேட்டாங்கடி. டிக்கோயான்னேன். அது நாடு இல்லையாம்" என்றாள். கோச்சி ரயிலில் திரும்பும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மறுநாள் வழக்கம்போல வகுப்பெடுத்தாள்.

பிறகு இந்த நாடும் இந்தியாவும் எங்கள் ஆட்களைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஒப்பந்தம் வந்தது. அருளப்பன் குடும்பம் இந்தியாவுக்கு என்றானது. பிலோமினாவும் போனாள். ஹட்டன் ஸ்டேஷனில் போகிறவர்களின் அழுகையும் நிற்கிறவர்களின் அழுகையும் ஒன்றாகிவிட, கோச்சிச் சத்தமே கேட்கவில்லை. இந்தியாவில் பிலோமினா ஒரு கல்லூரியில் படிப்பித்தாள். பல வருடம் கழித்து, பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்துவிட்டதாக எழுதினாள். மலையைப் போல அமுக்கும் இயந்திரமெல்லாம் இருக்கிறதாம். "ஆனா இங்க எவளும் வந்து வெந்துருச்சான்னு கேக்குறதில்லடி" என்று எழுதியிருந்தாள். அவள் இறந்தும் நாளாகிவிட்டது.

போன வருடம் டிக்கோயா போயிருந்தேன். ரோட்டை அகலப்படுத்த அந்த மண்மேட்டை வெட்டிவிட்டார்கள். ஸ்டோர் பூட்டிக் கிடக்கிறது. லயத்து வாசலில் நின்ற பெண்ணிடம் அருளப்பன் வீடு எது என்று கேட்டேன். அவள் உள்ளே போய் மாமியாரிடம் கேட்டுவிட்டு வந்து, "அப்படி யாரும் இங்க இருந்ததில்லைங்களே" என்றாள்.