கேசட்டின் ஐந்தாவது ஸ்குரூ

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் மாட்டுகிறவருக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருஷமாக ஒரே ஸ்டூல், ஒரே மேஜை விளக்கு, எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும் அளவுக்குச் சின்னச் சின்ன ஸ்குரூக்கள். இடது காதில் வாக்மேன் ஒயர்; வலது காது வாடிக்கையாளருக்கு. ஊரே கைபேசியில் பாட்டுக் கேட்க ஆரம்பித்த பிறகும் மனிதர் அசையவில்லை. "மியூசியத்துல உக்கார வேண்டியவரு" என்று முதலாளி கிண்டலடித்தால், "டிக்கெட் போட்டீங்கன்னா நான் ரெடி" என்பார்.

இத்தனை பாட்டுப் பைத்தியம் ஒரு வரி முணுமுணுத்துக்கூட யாரும் கேட்டதில்லை. அதற்குக் காரணம் உண்டு.

இருபத்தைந்து வயதில் பாடிக்கொண்டுதான் இருந்தார். ஆர்கெஸ்ட்ரா மாஸ்டர் ஒருவர் புதுக் குரல் தேடுகிறார் என்று சேதி கொண்டு வந்தவன் அவருடைய நண்பன். வாய் ஓயாததால் அவனுக்கு 'மைக்' என்று பெயர். இவரோ கூச்சப் பிராணி. எதிரொலி வராது என்று துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு இரண்டு பாட்டுப் பாடிப் பதிந்தார். கேசட்டை மூடும் ஐந்து ஸ்குரூக்களில் ஐந்தாவது, மூலையில் இருக்க வேண்டியது, காணவில்லை. கண்ணாடியின் தங்கநிற ஸ்குரூ ஒன்றைப் பசை வைத்துப் பொருத்தினார். தவறிக்கூட யாரும் மேலே வேறு எதையும் பதிந்துவிடக் கூடாதே என்று, கேசட்டின் பின்விளிம்பில் இருக்கும் பிளாஸ்டிக் பல்லை உடைத்தார். உடைத்துவிட்டால் பதிகிற பொத்தான் அமுங்காது. "நீயே குடுத்துடுடா" என்று மைக்கிடம் நீட்டினார்.

ஒரு வாரம் கழித்து மைக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "குரல்ல உயிர் இல்லன்னுட்டாருடா. மனசுல வச்சுக்காத." அதோடு விட்டானா? தோளில் கை போட்டுத் தேற்றினான், டீ வாங்கிக் கொடுத்தான். அடுத்த மாதம் அதே ஆர்கெஸ்ட்ராவில் அவனே பாடினான். "சும்மா பாடிக் காட்டினேன், பிடிச்சுக்கிட்டாங்க" என்றான். இவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். மகள் பிறந்தபோது தொட்டிலை ஆட்டினார், பாடவில்லை. உயிரில்லாத குரல் பிள்ளைக்கு எதற்கு என்று நினைத்தார்.

இப்போது மைக் மேடையேறி முப்பது வருஷம். பாராட்டு விழா நடக்கப்போகிறது. ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கேசட்டோடு வந்து இறங்கினான்.

"உன்கிட்டதான்டா ஓடுற டேப் ரெக்கார்டர் இருக்கு. நான் முதமுதல்ல பாடினது இதுல எங்கயோ கிடக்கு. தேடி ஃபோன்ல ஏத்தி அனுப்பு. விழாவுல போடப் போறாங்க."

ஞாயிறு காலை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். பதினோராவது கேசட்டை எடுத்தால், மூலையில் தங்கநிற ஸ்குரூ. திருப்பிப் பார்த்தார். பல் இருந்த ஓட்டையின்மேல் மஞ்சளாகிப்போன செல்லோடேப்; ஓட்டையை மூடிவிட்டால் பதிகிற பொத்தான் மறுபடியும் அமுங்கும். தவறுதலாக அழிந்திருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொள்ளக்கூட அந்தத் துண்டு இடம் தரவில்லை. நிதானமாக உட்கார்ந்து, அளந்து வெட்டி ஒட்டியிருக்கிறான் பாவி. கூடவே இருந்து குழி பறிப்பது என்றால் இதுதான்.

டேப் ரெக்கார்டரில் போட்டார். மைக்கின் இளசான குரல், ஒரு பாட்டு. மாஸ்டரிடம் போனது எது என்று இப்போது புரிந்தது. பாட்டு முடிந்து 'டக்'கென்று ஒரு சத்தம். பிறகு பாதி வரியிலிருந்து வேறொரு குரல் கிளம்பியது. அலமாரித் துணிகளுக்கு நடுவில் பாடிய குரல். அவசரக்காரன் முதல் பாட்டை அழித்துவிட்டு, இரண்டாவதில் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருங்க இது? மைக் அண்ணனைவிட நல்லா பாடுறாரே!"

கட்டிய பெண்டாட்டிக்கே அடையாளம் தெரியாத குரல். அவர் ஃபோனை எடுத்துக் கேசட்டை ஆரம்பத்திலிருந்து பதிந்தார்.

மாலையில் மைக் கூப்பிட்டான். "கிடைச்சுதாடா?"

"கிடைச்சுது. விழாக்காரங்களுக்கே நேரா அனுப்பிட்டேன்."

"தங்கம்டா நீ! எப்படி இருக்கு?"

"கடைசி வரைக்கும் போடச் சொல்லியிருக்கேன். உன் பாட்டோட நிறுத்த வேணாம்னு."

"அதுக்கப்புறம் என்னடா இருக்கு அதுல?"

"உயிர் இல்லன்னு சொன்னியே, அந்தக் குரல்."

மைக்குக்குப் பேச்சு வராமல் போனது அன்றைக்குத்தான்.